பாட்டிலில் வரும் கார்பனும் காற்றில் வரும் கார்பனும்

நடவு முடிந்து இருபது நாளில் முதல் களை எடுப்போம். அப்போது எங்கள் வயலில் தவறாமல் கைக்கு வரும் செடிகள் சில உண்டு. வரப்போரமாகப் படர்ந்து கிடக்கும் நீர்ப்பிரமி. நாலு இலை சேர்ந்து பூ மாதிரி நிற்கும் ஆரைக்கீரை. தண்டு மட்டும் சிவந்திருக்கும் குட்டிப் பூண்டு ஒன்று, அதற்கு எங்கள் பக்கம் தனிப் பெயர் கிடையாது. தடப்பள்ளி வாய்க்காலுக்குள் இறங்கினால் நாடா மாதிரி நீளமாக ஆடும் ஒரு பாசி காலைச் சுற்றும். ஆரைக்கீரை மட்டும் சில நாள் கடைசலுக்கு வீட்டுக்குப் போகும். மற்றதைப் பிடுங்கி வரப்பில் வீசிவிடுவோம்.

இந்த நாலையும் டவுனில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரியும்ங்க. நீர்ப்பிரமிக்கு அங்கே பகோப்பா என்று பெயர். ஆரைக்கீரை மார்சீலியா. சிவப்புத் தண்டு ரொட்டாலா. நாடாப் பாசி வாலிஸ்நேரியா. கொத்து எண்பது ரூபாய், நூறு ரூபாய். கண்ணாடித் தொட்டிக்குள் மண் போட்டு, செடி நட்டு, மேலே விளக்கு மாட்டி, நடுவில் மீன் விட்டு வளர்க்கிறார்கள். இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் தகாஷி அமானோ என்ற ஜப்பான்காரர். 2015-ல் காலமானார். அவருடைய தொட்டிப் படங்களைப் பார்த்தால் ஒரு மலைச்சரிவைத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்த மாதிரி இருக்கும்.

எனக்கு இதையெல்லாம் சொன்னது என் அக்கா மகன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ஃபிளாட்டில் 200 லிட்டர் தொட்டி வாங்கி வைத்துவிட்டு எனக்கு போன் போட்டான்.

"மாமா, கடையில செடி வெலை ஜாஸ்தியா இருக்குதுங்க. நம்ம வயல்ல இருக்கறதே போதும். கொஞ்சம் எடுத்து வையுங்க, சனிக்கெழம வந்து வாங்கிக்கறேன்."

மருந்து அடிக்காத துண்டிலிருந்தும், வாய்க்காலின் மேல்பக்கத்திலிருந்தும் பார்த்து எடுத்து, நத்தை முட்டை இல்லாமல் அலசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. அப்புறம், "செடியெல்லாம் கரையுதுங்க மாமா" என்று மறுபடி போன்.

ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற என் மூத்த மகளும் கூட வந்தாள். மண்டபத்திலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனோம். வாலிஸ்நேரியா வேகவைத்த கீரை மாதிரிக் குழைந்து கிடந்தது. நீர்ப்பிரமி அடி இலையெல்லாம் கொட்டிவிட்டு நுனியில் மட்டும் நாலு இலையோடு நின்றது. ஆரைக்கீரை பரவாயில்லை.

"ரெண்டு வாரமா லிக்விட் கார்பன் ஊத்தறேன்ங்க மாமா. கேஸ் சிலிண்டர் வெச்சா செலவு, ரிஸ்க்கு. அதுக்குப் பதிலா இதை ஊத்துனாப் போதும், அதே கார்பன்தான், தண்ணியா இருக்குதுன்னு கடையில சொன்னாங்க."

அவன் மகளுக்கு ஆறு வயசு. அவள் ஓடிவந்து, "தாத்தா, டெய்லி நான்தான் செடிக்குச் சோறு ஊத்துவேன்!" என்றாள். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மூடியில் அளந்து, கையில் கொஞ்சம் சிந்தி, தொட்டியில் ஊற்றுவது அவளுடைய வேலையாம். அந்தக் குழந்தைக்கு வீசிங் உண்டு. மாடத்தில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

என் மகள் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள். "மச்சான், இது எங்க எண்டோஸ்கோப்பி ரூம் வாசமாட்ட இருக்குது" என்றாள். பின்னால் இருந்த பொடி எழுத்தை செல்போன் வெளிச்சத்தில் படித்தாள். குளுட்டரால்டிஹைடு.

எனக்கும் அந்தப் பெயர் பழக்கம்தான். பக்கத்துத் தோட்டத்தில் கோழிப்பண்ணை இருக்கிறது. ஒரு பேட்ச் முடிந்து கொட்டகையைக் கழுவிக் காய விட்டபிறகு அடிக்கிற கிருமிநாசினி கேனில் எழுதியிருப்பதும் அதுதான். ஆஸ்பத்திரியில் வெந்நீரில் கொதிக்கவைக்க முடியாத கருவிகளை 2 சதவீதக் கரைசலில் ஊறப்போட்டுக் கிருமி நீக்குவார்கள். தோல் பதனிடுகிற இடத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள பொருளின் புரதங்களை ஒன்றோடு ஒன்று கோத்து இறுக்கிவிடும். கிருமி சாவதும் தோல் பதப்படுவதும் அந்த ஒரே வேலையால்தான். இதோடு வருஷக்கணக்கில் பழகிய ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஆஸ்துமா வந்திருப்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

மகள் சத்தம் போடவில்லை. பாட்டிலை எடுத்து மேல் பரணில் வைத்தாள். குழந்தையின் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். "இதைத் தொடறதுன்னா கையுறை போட்டுத் தொடுங்க, ஜன்னலைத் தெறந்து வெச்சுட்டு ஊத்துங்க. பாப்பா கையில குடுக்கவே வேண்டாம் மச்சான்" என்றாள். மருமகப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை.

பிறகு கேட்டான். "அப்போ இதுல கார்பனே இல்லைங்களா மாமா?"

நியாயமான கேள்வி. கார்பன் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, செடிக்கு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் விஷயம். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், பிறகு நானும் மகளும் உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தொட்டி வைத்திருக்கிற டவுன்காரர்கள் நிறையப் பேர் நம் பக்கத்துக்கு வருகிறீர்கள், உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் வயல் கணக்கு. ஒரு ஏக்கரில் இரண்டரை டன் நெல் எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு வைக்கோலும் வரும். நாம் போடும் உரம் மொத்தம் சில நூறு கிலோதான். மண்ணும் ஒரு அடி இறங்கிவிடுவதில்லை. அப்புறம் அந்த ஐந்து டன் எங்கேயிருந்து வந்தது? காய்ந்த பயிரின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கார்பன். அது முழுக்கக் காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்குதான், ஆனால் காற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் இலைக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் உரக்கடையில் யாரும் நெல்லுக்குக் கரி விற்பதில்லை.

தண்ணீருக்குள் நிலைமை வேறு. காற்றோடு சமநிலையில் நிற்கும் தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவு கரியமில வாயுதான் கரைந்திருக்கும். மீன் மூச்சுவிடுவதாலும் அடிமண்ணில் கழிவு மக்குவதாலும் கொஞ்சம் கூடலாம். அது போக, தண்ணீருக்குள் இந்த வாயு பரவுகிற வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ள வாயுவைச் செடி இழுத்துவிட்டால், அடுத்தது வந்து சேர நேரமாகும். இந்த நிலையில் மேலே பிரகாசமான விளக்கைப் போட்டால் செடிக்குப் பசிதான் கூடும், சாப்பாடு கூடாது. அந்த வெளிச்சத்தை அதிகம் கேட்காத பாசி எடுத்துக்கொள்ளும். செடித்தொட்டிக்காரர்கள் எல்லோரும் முதலில் மாட்டுகிற இடம் இதுதான்.

பத்தாம் வகுப்புவரை படித்தவர்களுக்கு ஒரு சோதனை ஞாபகம் இருக்கும். பீக்கரில் ஹைட்ரில்லாவைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக் குழாயை வைத்து வெயிலில் வைப்போமே. குமிழ் குமிழாக ஆக்சிஜன் ஏறும். அதில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போடச் சொல்வார் வாத்தியார். எதற்கு என்று அப்போது நாம் யாரும் கேட்டதில்லை. வெறும் தண்ணீரில் இருக்கிற கார்பன் போதாது என்பதுதான் காரணம். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா மாதிரிச் சில செடிகளுக்குத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பிரித்தெடுக்கிற சாமர்த்தியம் உண்டு. உப்புத்தண்ணீர்க் கிணற்றில் ஹைட்ரில்லா இலைமேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டபின் மிச்சம் விடுகிற தடம் அது. போர்த் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் இந்த வகைச் செடிகளுக்கு எந்தப் பாட்டிலும் தேவைப்படாது.

இப்போது பாட்டில் கணக்குக்கு வருவோம். 200 லிட்டர் என்பது நாம் ஜீவாமிர்தம் கலக்குகிற நீல பேரல் அளவு. மாப்பிள்ளை வைத்திருந்த பாட்டிலில் உள்ளது ஒண்ணரை சதவீதக் கரைசல். தினமும் 200 லிட்டருக்கு 5 மில்லி என்று போட்டிருந்தது. 5 மில்லியில் ஒண்ணரை சதவீதம் என்றால் 75 மில்லிகிராம் குளுட்டரால்டிஹைடு. அதில் கார்பன் எடைக்கு 60 சதவீதம். ஆக, ஒரு நாளைக்குப் பேரலுக்குள் போகும் கார்பன் 45 மில்லிகிராம். தண்ணீர் மாற்றிய நாளில் ஐந்து மடங்கு ஊற்றச் சொல்லியிருந்தது. அன்றைக்கு 225 மில்லிகிராம்.

கேஸ் வைத்த தொட்டியில் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் கரியமில வாயு நிற்கும்படி வைப்பார்கள். குறைந்த அளவான 20-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டரில் 4 கிராம் வாயு. அதில் கார்பன் 27 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 1,090 மில்லிகிராம். பாட்டிலின் தினசரி அளவைப் போல 24 மடங்கு. அதுவும் அந்த ஒரு நேரத்தில் தண்ணீரில் நிற்கும் இருப்பு மட்டும். செடி எடுக்க எடுக்க விளக்கு எரிகிற நேரம் முழுக்க மறுபடி வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எதுவுமே செய்யாமல் சும்மா வைத்த 200 லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்திருக்கும் வாயுவில் மட்டுமே 33 மில்லிகிராம் கார்பன் எந்நேரமும் இருக்கிறது. செலவானால் காற்றிலிருந்து மெதுவாகவாவது திரும்ப வரும். காசு கொடுத்து வாங்கின பாட்டில் ஒரு நாள் முழுதுக்கும் தருவது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த 45 மில்லிகிராமும் அப்படியே செடிக்குப் போவதில்லை. பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்துவிடும். கடைசியில் அதுவும் கரியமில வாயுவாகத்தான் மாறும்.

"அப்படீன்னா ஊத்தறவங்க எல்லாம் செடி நல்லா வருதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டான். அதிலும் உண்மை இருக்கிறது. இலை ஓரத்தில் தாடி மாதிரிக் கறுப்பாக வளருகிற பாசி ஒன்று தொட்டிக்காரர்களைப் பாடாய்ப்படுத்தும். குளுட்டரால்டிஹைடு பட்டால் அது சிவந்து, வெளுத்து, செத்துப்போகும். இலைமேல் மூடியிருந்த பாசி போனால் வெளிச்சமும் சத்தும் இலைக்கே கிடைக்கும், செடி தெளியும். வயலில் களைக்கொல்லி அடித்தபின் நெல் கறுப்பேறுவது மாதிரி. அதைப் பார்த்து களைக்கொல்லியை யாரும் நெல்லுக்கு உரம் என்று சொல்வதில்லை அல்லவா? இதையும் பாசி மருந்து என்று சொல்லி, அளவும் எச்சரிக்கையும் பெரிய எழுத்தில் போட்டு விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கார்பன் என்று பெயர் வைத்ததால்தான் அது சோறாகி, ஆறு வயசுக் குழந்தை கைக்குப் போனது.

பாசியைக் கொல்லும் மருந்துக்குச் செடியில் எது பாசி, எது பயிர் என்று முழுசாகத் தெரியாது. வாலிஸ்நேரியா, சில பாசம் வகைகள், மெல்லிய இலையுள்ள சில நீர்ச்செடிகள் இதைத் தாங்குவதில்லை. என் வாய்க்கால் செடி குழைந்து போனதற்குக் காரணம் அதுதான். பைகார்பனேட்டில் தானே பிழைத்துக்கொள்ளக்கூடிய செடிக்குக் கார்பன் பஞ்சம் என்று நினைத்து ஊற்றி, அதையே கரைத்தாயிற்று. அளவு கூடிப்போனால் மீனும் இறாலும்கூடப் போய்விடும்.

நீர்ப்பிரமி இலை கொட்டினது வேறு கதை. வரப்பில் காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் மூழ்கினால் நிற்காது. பழையது உதிர்ந்து, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய புது இலை நுனியிலிருந்து வரும். மூணு நாலு வாரம் பிடிக்கும். நாற்றங்காலில் பிடுங்கி நட்ட பயிர் பச்சை பிடிப்பதற்குள் மஞ்சளடிக்குமே, அதே மாதிரி. கடைகளில் விற்கும் செடிகளிலும் பாதிக்கு மேல் நர்சரியில் காற்றில் வளர்ந்தவைதான். வாங்கி நட்ட முதல் மாதத்தில் இலை உதிர்ந்தால் அவசரப்பட்டு எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்து, கேஸ். மாப்பிள்ளை விடுகிற ஆள் இல்லை. "உங்க கோபர் கேஸ்லயும் கரியமில வாயு இருக்குதுங்களே மாமா, ஒரு டியூப்ல புடிச்சுக்கலாமா?" என்றான். இருக்கிறது, மூணில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். மிச்சம் மீத்தேன், அதோடு அழுகின முட்டை வாசம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீனுக்கு அது விஷம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செலவில்லாத வழி, சர்க்கரையும் ஈஸ்ட்டும். ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், மூடியில் ஒரு டியூப். கள்ளுப் பானையில் நுரை தள்ளுகிற அதே வேலைதான். ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் அரைக் கிலோ வாயு வரும். ஆனால் அதற்குக் குழாய் கிடையாது. முதல் நாலு நாள் பொங்கும், பத்தாம் நாள் படுத்துவிடும். நம் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். ராத்திரியிலும் நிற்காது. சின்னத் தொட்டிக்குப் பரவாயில்லை, 200 லிட்டருக்குப் போதாது.

கடைசியில் 2 கிலோ சிலிண்டர் வாங்கினான். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், விளக்கோடு சேர்ந்து தானே திறந்து மூடும் வால்வு, குமிழ் எண்ணும் குப்பி, வாயுவைப் பொடிக் குமிழாக்கும் பீங்கான் வட்டு. இவற்றோடு தொட்டிக்குள் ஒட்டுகிற சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று. அதற்குள் இருக்கும் திரவம் வாயு குறைந்தால் நீலமாகவும், சரியாக இருந்தால் பச்சையாகவும், கூடிப்போனால் மஞ்சளாகவும் மாறும். செடி வெளிச்சத்தில்தான் வாயுவை எடுக்கும் என்பதால், விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கேஸைத் திறந்து, விளக்கு அணைவதற்கு முன்னாலேயே மூட வேண்டும்.

சிலிண்டரில் இரண்டு விஷயம் பயப்பட வேண்டியது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகவே நிற்காது. அதனால் வெயில் படும் பால்கனியில் வைத்தால் உள்ளே அழுத்தம் எகிறும். நிழலில், நிமிர்த்தி, சுவரோடு சங்கிலி போட்டு வைக்கணும். இரண்டாவது, 2 கிலோ வாயுவும் கசிந்தால் ஏறக்குறைய 1,100 லிட்டர் ஆகும். பத்தடிக்குப் பத்தடி அறையில் பத்தடி உயரத்துக்கு உள்ள காற்றில் அது 4 சதவீதம். தலைவலி, மூச்சு முட்டல் வருகிற அளவு. ஏ.சி. போட்டுப் பூட்டித் தூங்கும் அறையில் வைக்கவே கூடாது. அவன் ஹாலில், ஜன்னலோரமாக வைத்தான்.

நாலாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பின்னால் குழந்தை அழுகிற சத்தம். செடி சீக்கிரம் வளரட்டும் என்று அன்று சாயங்காலம் குமிழைக் கூட்டி வைத்திருக்கிறான். குப்பி அப்போதுதான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அது நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மீனுக்கு முட்டிவிடும்.

எங்கள் பண்ணைக்குட்டையில் விடியற்காலையில் மீன் இப்படி மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ராத்திரி ஆக்சிஜன் தீர்ந்துபோவது காரணம். இங்கே தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் மீனுக்கு எட்டாது. கரியமில வாயு கூடினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிக்க முடியாமல் போகும். கைவைத்தியம் இரண்டுக்கும் ஒன்றேதான். "கேஸை மூடு மாப்ள, ஏர் பம்ப்பைப் போட்டு மேல்தண்ணியக் கலக்கி விடு, பாதித் தண்ணியை மாத்து" என்றேன். பதினொரு மணிக்கு மீன் கீழே இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. ஒரு குட்டி மீன் மட்டும் தப்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று மெதுவாகக் கூட்டி, பச்சையில் நிறுத்தினான். அடுத்த இரண்டு மாதத்தில் அந்தத் தொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வயலில் நான் களையென்று வீசுகிற அந்தச் சிவப்புத் தண்டுப் பூண்டு, இலையெல்லாம் செவசெவன்னு, நுனியில் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழோடு நின்றது. ஆரைக்கீரை புல்வெளி மாதிரி படர்ந்தது. கரியமில வாயு வேலை செய்யுமா என்று என்னைக் கேட்டால், கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அப்படி வளர்கிற செடிக்கு வாரம் ஒரு தரம் கத்தரி போட வேண்டும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ், இரும்பு எல்லாம் அளந்து கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாசி வந்து உட்காரும். அடைப்பு, கசிவு, சிலிண்டர் நிரப்ப அலைச்சல். வைகாசிக்குப் பிறகு அவனுக்கு ஆபீஸில் வேலை நெருக்கியது. ராத்திரி பத்து மணிக்கு வந்து தொட்டியைப் பார்க்கிற ஆளுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

"ஏன் மாப்ள, இறைவைத் தண்ணி இல்லாதவன் எதுக்குக் கரும்பு போடணும்? சோளத்தைப் போடு" என்றேன். சிரித்தான். சிலிண்டரை ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்துவிட்டான். விளக்கை மங்கலாக்கி, பத்து மணி நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்தான். செடியின் பசியை அங்கே இருக்கிற சாப்பாட்டுக்குத் தகுந்தபடி இறக்கிவிட்டால் பாசியும் அடங்கும். ரொட்டாலாவை எடுத்துவிட்டான். ஆரைக்கீரை, நீர்ப்பிரமி, வாலிஸ்நேரியா மட்டும் வைத்துக்கொண்டான். அடியில் கொஞ்சம் மண் போட்டு மேலே மணல் மூடியதில், மக்குகிற மண்ணிலிருந்தும் மீன் மூச்சிலிருந்தும் வருகிற வாயு அவற்றுக்குப் போதுமாக இருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்த வாலிஸ்நேரியா, மருந்தை நிறுத்திய மூணாவது வாரமே வேரிலிருந்து புதுக் குருத்து விட்டிருந்தது. இப்போது தொட்டி முழுக்க ஓடுதண்டு விட்டுக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. செடி மெதுவாகத்தான் வளர்கிறது, அவனுக்கும் அது சௌகரியம்.

அந்த பாட்டில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பரணில்தான் பூட்டி இருக்கிறது. எப்போதாவது வடிகட்டிக் குழாய் வாயில் கறுந்தாடி பிடித்தால், குழாயை வெளியே எடுத்து, கையுறை போட்டு, பால்கனியில் வைத்து இரண்டு சொட்டு தடவி, நன்றாகக் கழுவி மாட்டுகிறான். அந்த வேலைக்கு அது நல்ல மருந்து. குழந்தைக்கு இப்போது மீனுக்குத் தீனி போடுவதும், உதிர்ந்த இலையை வலையில் அள்ளுவதும் வேலை.

புதிதாகத் தொட்டி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் விளக்கையோ பாட்டிலையோ வாங்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும் என்று பாருங்கள். நேரமும் கவனமும் இருந்தால் கேஸ் வைத்து, மேலே சொன்ன பத்திரங்களோடு செய்யுங்கள். இல்லையென்றால் குறைந்த வெளிச்சமும் முரட்டுச் செடியும் போதும். லிக்விட் கார்பன் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மூணாவது வழி இல்லை. வாங்கினால் பாசி மருந்து என்று நினைத்து வாங்குங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, பூச்சிமருந்து வைக்கிற உயரத்தில் வையுங்கள். பெயரே போடாத, யார் அடைத்தது என்று தெரியாத பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

செடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆவணி கடைசியில் எங்கள் பக்கம் களையெடுப்பு நடக்கும். கோபி பக்கம் வருகிறவர்கள் சொல்லிவிட்டு வாங்க. நீர்ப்பிரமியும் ஆரைக்கீரையும் வேண்டுமளவுக்கு அள்ளிக்கொண்டு போகலாம். மருந்தடித்த வயல் எது, அடிக்காதது எது என்று நான் காட்டுகிறேன். ஒரு வாரம் தனி வாளியில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, அப்புறம் தொட்டியில் நடுங்க. முதல் மாதம் இலை கொட்டும். கொட்டட்டும், நுனியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.